நான் ஒதுக்கிய ஓட்டங்கள்

குவாண்டம் கணினி மையத்தில் வேலை என்றதும் நான் உள்ளே போய்க் கணினியைத்தான் தேடினேன். அறை நடுவில் ஒரு பெரிய வெள்ளை உருளை மூன்று காலில் நின்றுகொண்டிருந்தது. மாடியில் வைக்கிற தண்ணீர்த் தொட்டி அளவு இருக்கும். அதன் உச்சியில் இருந்த குழாய்களிலிருந்து வெள்ளையாகப் புகை மாதிரி ஏதோ வந்துகொண்டே இருந்தது. ஓரமாக ஒரு மேஜையில் சாதாரணக் கணினி ஒன்று இருந்ததைப் பார்த்து, இதுதானா என்று கேட்டேன். அது படம் காட்டுகிற பெட்டிதான், கணினி அந்த உருளைக்குள்ளே இருக்கிறது என்றான் அங்கே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பையன். பையன் என்று சொல்கிறேன், அவனுக்கும் முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முப்பத்திரண்டு. முதல் நாளே அவன் என்னை அக்கா என்றான், நான் தம்பி என்றேன். அங்கே எனக்குச் சட்டென்று விளங்கிய ஒரே விஷயம் அதுதான்.

உருளைக்குள்ளே இருந்தது காந்தம். இரும்பு எதுவும் கொண்டுவரக் கூடாது என்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தார்கள். நான் சாவி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டு யோக்கியமாகத்தான் போனேன். கிட்டே போனதும் என் தாலிச் சரடு தானாக எழும்பி முன்னால் நீண்டது. எனக்கு உயிரே போய்விட்டது. சரடில் நாலு ஊக்கு கோத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணின் தாலியில்தான் ஊக்கு இல்லை? அன்றிலிருந்து தினமும் காலையில் ஊக்குகளைக் கழற்றி வாசலில் ஒரு டீ கிளாஸில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவேன்.

இது இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலைந்து வருஷம் கழித்து நடந்தது. மையம் இருந்த பல்கலைக்கழகம் திருவள்ளூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில், வயல்களுக்கு நடுவே இருந்தது. அதற்கு முன் பதினோரு வருஷம் நான் காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவள். பி.எஸ்சி. இயற்பியல் படித்தது சர்டிபிகேட்டில் இருந்தது, தலையில் இல்லை. கம்பெனியில் வண்டி பிரேக்குக்குப் போகிற ஒரு சின்ன இரும்பு வளையம் செய்வார்கள். என் கையில் ஒரு கேஜ் இருக்கும். அதற்கு இரண்டு முனை. ஒரு முனை வளையத்தின் ஓட்டைக்குள் போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. சரியாக இருந்தால் பச்சை டப்பா, இல்லையென்றால் சிவப்பு டப்பா. இதில் யோசிக்க எதுவும் இல்லை. மெஷினில் நிற்பவர்கள், ஒரு நூல்தானே, விட்டுவிடுங்கள் என்று கெஞ்சுவார்கள். நான் விட்டதில்லை. என் கை பட்டுப் போன சரக்கு ஒரு தடவைகூட வாங்கினவனிடமிருந்து திரும்பி வந்ததில்லை. இதை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்வேன்.

கம்பெனியை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மாற்றினார்கள். மகள் பள்ளிக்கூடம் போகிற வயது, என்னால் அவ்வளவு தூரம் அலைய முடியவில்லை. கணவருக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு உருட்டாலையில் வேலை. கம்பெனி பஸ்ஸில் விடியற்காலை போனால் சாயங்காலம்தான் வருவார். அந்த நேரத்தில் இந்தப் பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷத் திட்டத்துக்கு உதவியாளர் வேண்டும், இயற்பியல் படித்திருக்க வேண்டும், பதிவேடு ஒழுங்காக எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். திட்டத்தை நடத்திய பேராசிரியர் என் கையெழுத்தைப் பார்த்தே எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

முதல் மூன்று மாதம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குப் பிறகும் புரியவில்லை, புரியாததோடு பழகிவிட்டேன், அவ்வளவுதான். பேனா ரீஃபிலைவிடச் சற்றுத் தடிமனான ஒரு கண்ணாடிக் குழாயில் சில சொட்டுத் திரவத்தை ஊற்றிக் காந்தத்துக்குள் இறக்குவார்கள். அந்தத் திரவம்தான் கணினி. அது என்ன திரவம் என்று கேட்டேன். குளோரோஃபார்ம் என்றான் தம்பி. சினிமாவில் கர்சீப்பில் நனைத்து மூக்கில் வைத்து ஆளைக் கடத்துவார்களே, அதேதான். வீட்டில் சொன்னபோது கணவர் சோற்றுக் கையோடு என்னைப் பார்த்தார். மயக்க மருந்து கணக்குப் போடுகிறது என்று சொன்னால் யார்தான் பார்க்க மாட்டார்கள்.

அது போட்ட கணக்கும் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. நாலு பெட்டி. ஒன்றில் மட்டும் பொருள் இருக்கிறது. சாதாரணக் கணினி ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்க்கும். இது ஒரே கேள்வியில் நாலையும் சேர்த்துக் கேட்டுச் சொல்லிவிடும். ஒரு பெட்டியில் இருக்கிறதா இல்லையா என்பது பார்க்கிற வரைக்கும் முடிவாகாது, இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்று தம்பி விளக்குவான். இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை, அதென்ன இரண்டும் என்று நான் சண்டைக்குப் போவேன். அவன் சிரிப்பான். அவனுக்கே முழுக்கப் புரிந்ததா என்று எனக்கு அப்போதும் சந்தேகம், இப்போதும் சந்தேகம்.

தம்பிக்குச் சொந்த ஊர் பழவேற்காடு. அப்பாவும் அண்ணன்மார்களும் இறால், கருவாடு வியாபாரம். இவன் மட்டும் படிப்பு என்று வந்து எட்டு வருஷமாக இந்தக் காந்தத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். எட்டு வருஷமாக மயக்க மருந்தை மோந்துக்கினு இருக்கான் என்று அவன் அப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாராம். அதை அவனே என்னிடம் சொல்லிச் சிரிப்பான். ஆனால் பல்கலைக்கழகத்தில் ஒரு கெடு இருந்தது. அந்த வருஷ மார்ச் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அவன் பதிவு காலாவதியாகிவிடும். அந்தப் பேச்சு வரும்போது மட்டும் அவன் சிரிக்க மாட்டான்.

அவன் கண்டுபிடித்தது, அந்தத் திரவத்திடம் கேள்வி கேட்கிற முறையில் ஒரு மாற்றம். ரேடியோ அலையை எந்த வரிசையில், எத்தனை நேரம் தட்ட வேண்டும் என்பது. அந்த முறை எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று காட்ட ஒரே சோதனையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையையும் ஓட்டம் என்போம். ஓட்டம் முடிந்ததும் திரையில் கோடு ஒன்று மேடும் பள்ளமுமாக வரும். அந்த மேடுகளின் உயரத்தை நோட்டில் எழுதி, பிறகு கணினியில் அட்டவணையாகத் தட்ட வேண்டும். முன்னூறு ஓட்டம் வேண்டும். அவனுக்கோ மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கிற வேலையும் இருந்தது, ஆய்வேடும் எழுத வேண்டும். ஓட்டுகிற வேலையை என்னிடம் விட்டான்.

விடும்போது ஒரு தாளைக் கொடுத்தான். மேடுகள் எந்தெந்த உயரத்தில் வர வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதிய தாள்.

"இந்த நம்பர்தான் வரணும்க்கா. கொஞ்சம் முன்னபின்ன இருக்கும்."

எத்தனை முன்னபின்ன என்று கேட்டேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டது, பையை மாட்டிக்கொண்டே, "நூத்துக்கு ஒரு அஞ்சு வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

எனக்கு அப்போதுதான் அந்த அறையில் மூச்சு வந்தது. அளவு இருக்கிறது, கூடக் குறைய எவ்வளவு என்றும் இருக்கிறது. இதைத்தானே பதினோரு வருஷம் பார்த்தேன். அந்தத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தேன். காலையில் போனதும் தெரிந்த ஒரு மாதிரியைப் போட்டுக் கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு ஓட்டம். அஞ்சுக்குள் வந்தால் நோட்டில் ஏறும். வராவிட்டால் ஏறாது. வராததை அழிக்கவில்லை, ரிஜெக்ட் என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் தள்ளினேன். கம்பெனியிலும் சிவப்பு டப்பாவை மேலே இருக்கிறவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் கொட்ட முடியாது. நோட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று தொடர்ச்சியாக எண் போட்டேன். வெளியே போகிற சரக்கில் எண் விட்டுப்போகக் கூடாது இல்லையா.

ஒரு நல்ல நாளில் ஐம்பது ஓட்டம் தேறும். சில நாள் முப்பதுதான். கண் எரியும், ஆனாலும் ஒன்றைக்கூட விடவில்லை. மேடு கொஞ்சம் குட்டையாக வந்து, அஞ்சுக்கு ஒரு புள்ளி வெளியே நின்றால்கூடத் தள்ளினேன். இரண்டு வாரத்தில் முன்னூறும் முடிந்தது.

தம்பி அட்டவணையைப் பார்த்தபோது அவன் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. முதலில் நம்பவில்லை. இன்னொரு தரம் கணக்குப் போட்டான். பிறகு பேராசிரியரைக் கூட்டிவந்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வெளிநாட்டில் பெரிய இடங்களில் செய்ததைவிட நன்றாக வந்திருக்கிறது என்றார். ஒரு வாரத்தில் கட்டுரை எழுதி வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினார்கள். கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில் என் பெயர் இருந்தது. தம்பி ஊருக்குப் போய் எனக்கு ஒரு பை நிறைய இறால் கருவாடு கொண்டுவந்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் எழுந்து வேறு இடம் போய்விட்டாள். நான் எதற்கும் கவலைப்படவில்லை.

மார்ச் நடுவில், ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் துறையில் எல்லார் முன்னாலும் ஒரு தடவை பேசிக் காட்ட வேண்டும். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை தம்பி ஒத்திகை பார்த்தான். காலி அறையில் நான் ஒருத்திதான் கேட்க உட்கார்ந்திருந்தேன். படங்களை ஒவ்வொன்றாகப் போட்டு இங்கிலீஷில் பேசிக்கொண்டே போனான். என் முன்னூறு ஓட்டம் வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்குக் கீழே ஒரு வரி. ஓட்டிய அனைத்தும் இதில் சேர்க்கப்பட்டுள்ளன, எதுவும் விலக்கப்படவில்லை.

எனக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. எங்கள் கம்பெனிச் சரக்கோடு போகிற தாளிலும் முழுமையாகப் பரிசோதிக்கப்பட்டது, குறை எதுவும் இல்லை என்றுதான் அடித்திருக்கும். குறையுள்ளது எல்லாம் சிவப்பு டப்பாவில் கிடக்க, அந்த வாசகமும் உண்மையாகத்தான் இருக்கும். இங்கேயும் அப்படித்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் அந்த 'ஓட்டிய அனைத்தும்' என்பது உறுத்தியது. அனைத்தும் என்றால் எது அனைத்தும்?

ஒத்திகை முடிந்து கேன்டீனில் டீ குடிக்கும்போது பொதுவாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். ஒரு ஓட்டம் சரியாக வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று.

"சரியா வரலன்னு ஒண்ணு கெடையாதுக்கா" என்றான் தம்பி. "வந்தது வந்ததுதான். நல்லா வந்ததையும் எண்ணணும், கோணலா வந்ததையும் எண்ணணும். அப்பதான் நம்ம மொற எவ்ளோ நல்லதுன்னு தெரியும்."

நான் டீயைக் குடித்து முடித்தேன். அன்றைக்கு வாசலில் டீ கிளாஸில் கிடந்த ஊக்குகளை எடுக்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தச் சனியும் ஞாயிறும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பயம் என்று சொல்ல முடியாது. தப்பு செய்துவிட்டேனா என்பதே தெரியவில்லை. அஞ்சு என்று சொன்னது அவன்தானே? அஞ்சுக்கு வெளியே போனால் என்ன செய்ய வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று ஏன் தோன்றும்? வெளியே போனால் சிவப்பு டப்பா என்பது எனக்குச் சோற்றை வாயில் வைப்பது மாதிரி. இன்னொன்றும் குழப்பியது. என் வேலையில் ஒன்றும் ஏமாற்று இல்லை. ஒவ்வொரு மேடும் நிஜமாக வந்ததுதான். நிஜமானதை மட்டும் பொறுக்கிச் சேர்த்தால் மொத்தமும் பொய்யாகிவிடும் என்றால் அதை எப்படிப் புரிந்துகொள்வது? பாத்திரம் தேய்த்துக்கொண்டே இதை யோசித்து இட்லித் தட்டு ஒன்றை இரண்டு தரம் தேய்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாஷ்டா முடிந்து கணவரிடம் சொன்னேன். அவர் முழுதும் கேட்டார். தம்பிக்குத் தெரியுமா, பேராசிரியருக்குத் தெரியுமா, அந்த ஃபோல்டரை வேறு யாராவது பார்த்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். யாருக்கும் தெரியாது என்றேன்.

"அப்ப ஏன் நீயா போய் பேஜாரு பண்ற? அவன் படிச்சு முடிக்கட்டும். உன்னால ஒருத்தன் எட்டு வருசம் போவணுமா?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் வாயால் கேட்டதும் எனக்கு அவர் மேல் கோபம் வந்துவிட்டது. அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

திங்கட்கிழமை காலையில் தம்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். தள்ளிப் போட்டால் சொல்ல மாட்டேன் என்று எனக்கே தெரிந்திருந்தது. அவன் முதலில் புரியாமல் சிரித்தான். ரிஜெக்ட் ஃபோல்டரைத் திறந்து காட்டினேன். உட்கார்ந்தான். எத்தனை என்று கேட்டான். நூற்றைம்பதுக்குப் பக்கம் என்றேன். ஓட்டிய மூன்றில் ஒன்றை நான் எடுத்து ஒதுக்கியிருந்தேன்.

அவன் திட்டவில்லை. அவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டான். விடை இறங்கிப்போயிற்று. மற்றவர்கள் செய்ததைவிடக் கொஞ்சம் கீழே. மட்டம் இல்லை, ஆனால் எழுதிப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. அந்த மேடுகள் ஏன் அப்படிக் குட்டையாக வந்தன என்று அவனுக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் ஆய்வேட்டைக் கொடுக்கவும் முடியாது. கெடுவுக்குப் பதினைந்து நாள்கூட இல்லை.

பேராசிரியரிடம் அவனே போய்ச் சொன்னான். அவர் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், அவர் கத்தவில்லை. அவரும் குழம்பித்தான் போயிருந்தார். கடைசியில் ஒரு வழி சொன்னார். ஓட்டங்களை ஒதுக்குவது குற்றமில்லை, காரணம் இருந்தால் ஒதுக்கலாம், எல்லோரும் செய்வதுதான். கரண்ட் ஏறி இறங்கியிருக்கலாம், காந்தம் கொஞ்சம் நகர்ந்திருக்கலாம், அறை சூடாகியிருக்கலாம். ஓட்டியது நான். அன்றன்றைக்கு என்ன கோளாறு என்று எனக்குத்தான் தெரியும். ஒரு தாளில் ஓட்ட எண், தேதி, காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அட்டவணை அப்படியே நிற்கும், எதுவும் விலக்கப்படவில்லை என்ற வரியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

"நீங்க யோசிச்சுப் பாருங்கம்மா. ஞாபகம் இருக்கறத எழுதுங்க, போதும்" என்றார்.

இதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்ததா, பயமாக இருந்ததா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கரண்ட் ஏறி இறங்காத நாள் எங்கள் பக்கத்தில் எது? அந்த நூற்றைம்பதில் சிலது நிஜமாகவே அதனால் கெட்டிருக்கும். எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் தினமும் காலையில் கருவியைச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று எழுதி வைத்ததும் நான்தான்.

வெளியே வந்ததும் தம்பியிடம் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் சொல்ல மாட்டேங்கா. நான் சொன்னா நீங்க எழுதிடுவீங்க."

தாள்களை எடுத்துக்கொண்டு என் மேஜையில் உட்கார்ந்தேன். இப்படிப்பட்ட தாள் எனக்குப் புதிதில்லை. கம்பெனியில் தினம் சாயங்காலம் எழுதுவது. காரணம் என்ற இடத்தில் ஓட்டை பெரிசு, ஓரம் பிசிர் என்று கை தானாக எழுதும். ரிஜெக்ட் ஃபோல்டரைப் பார்த்து எண்ணும் தேதியும் மளமளவென்று எழுதி முடித்தேன். காரணத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. கரண்ட் என்று எழுதினால் அவன் பிழைத்துக்கொள்வான். எனக்கும் வேலை நிற்கும். பொய்யா என்றால் பொய் என்றும் நிச்சயமில்லை. மதியச் சாப்பாட்டைத் திறக்காமல் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு ஓட்டத்தையும் எதற்காகத் தள்ளினேன் என்று என்னையே கேட்டேன். கரண்டுக்காகத் தள்ளினேனா? சூட்டுக்காகவா? அவற்றைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. திரையைப் பார்த்தேன், தாளைப் பார்த்தேன், பொருந்தவில்லை, தள்ளினேன். அவ்வளவுதான் நடந்தது.

முதல் வரியில், எனக்குக் கொடுத்த அளவில் வரவில்லை, வேறு காரணம் எனக்குத் தெரியாது என்று எழுதினேன். கீழே எல்லா வரிக்கும் மேற்படி, மேற்படி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தம்பி அதை வாங்கிப் படித்தான். பக்கம் பக்கமாக மேற்படிதான், ஆனாலும் கடைசி வரை படித்தான்.

"நீங்க எழுதனது கரெக்ட்டுக்கா" என்றான். "ஆனா இப்ப எனக்கு உங்க மூஞ்சியப் பாக்க முடியல."

பேராசிரியர் அந்தத் தாள்களைப் பார்த்துவிட்டுத் தன் மேஜையில் வைத்துக்கொண்டார். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று பத்திரிகைக்கு அவரே கடிதம் எழுதினார். தம்பி ஊருக்குப் போய் மூன்று வாரம் வரவில்லை. அவன் திரும்பி வர மாட்டான் என்றுதான் நினைத்தேன். அண்ணன்மார் கடையில் உட்கார்ந்திருப்பான், அவன் அப்பா வருகிறவர்களிடம் என்ன சொல்லிக்கொண்டிருப்பார் என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். பேராசிரியர் அலைந்து திரிந்து அவனுக்கு ஒரு வருஷம் நீட்டிப்பு வாங்கினார். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று எழுதிக் கொடுத்தார்களாம். தம்பி தாடி விட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான்.

முன்னூறு ஓட்டத்தையும் முதலிலிருந்து ஓட்டினான். இந்தத் தடவை அவனே ஓட்டி, அவனே எழுதினான். குழாய் கழுவுவது, காந்தத்துக்குத் திரவ நைட்ரஜன் ஊற்றுவது, அறையைப் பூட்டித் திறப்பது எல்லாம் என்னிடம் இருந்தன. நோட்டு மட்டும் என்னிடம் வரவில்லை. என்னை அக்கா என்பதை நிறுத்தவில்லை, மரியாதைக்கும் குறைவில்லை. சிரிப்பு மட்டும் இல்லை. அதே அறையில், அதே திரைக்கு முன்னால் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. வேலையை விட்டுவிடலாமா என்று பல தடவை நினைத்தேன். விட்டால் ஓடிப்போன மாதிரி ஆகும் என்று வீம்பாகப் போய்க்கொண்டிருந்தேன். அந்த வருஷக் கடைசியில் அவன் ஆய்வேட்டைக் கொடுத்தான், பட்டமும் வந்தது, விடை பழைய பெருமையான எண் இல்லை. மேடுகள் ஏன் குட்டையாகின்றன என்று ஒரு முழு அத்தியாயம் எழுதியிருந்தான். அவன் பொறுமையாகச் சொல்லியும் அது எனக்குப் புரியவில்லை.

பட்டம் வந்த நாளைவிட எனக்கு நினைவிருப்பது அதற்குச் சில மாதம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமைதான். ஓட்டங்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன, நடுவில் நிறுத்த முடியாது. தம்பிக்குத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினான். நோட்டு மேஜையில் திறந்தபடி கிடந்தது. எழுதுங்கள் என்று சொல்லவில்லை, எழுத வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எல்லாம் கணினியில் பதிவாகும், வந்து பார்த்து அவனே எழுதிக்கொள்ளலாம்.

முதல் ஓட்டம் முடிந்து திரையில் கோடு வந்தது. மேடு குட்டையாக, ஒரு பக்கம் சரிந்து, பார்க்கவே சகிக்கவில்லை. பழைய அளவுப்படி அஞ்சுக்கு எங்கேயோ வெளியே. நான் பேனாவை எடுத்து அந்த எண்ணை அப்படியே எழுதினேன். அடுத்தது நன்றாக வந்தது, அதையும் எழுதினேன். அவன் வருவதற்குள் ஏழு ஓட்டம். ஏழையும் எழுதினேன்.

அவன் வந்து நோட்டில் என் கையெழுத்தைப் பார்த்தான். ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கணினியில் முதல் ஓட்டத்தைத் திறந்து, என் எண்ணோடு ஒத்துப் பார்த்து ஒரு டிக் போட்டான். பிறகு இரண்டாவது. அப்படியே ஏழையும். அந்தச் சகிக்க முடியாத ஓட்டத்தை மட்டும் இன்னொரு தரம் திறந்து பார்த்தான். பிறகு எட்டாவதை ஓடவிட்டு, நோட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

நான் அவனுக்கு எதிரிலேயேதான் உட்கார்ந்திருந்தேன். பதினோரு வருஷம் நானும் அப்படித்தான், ஆட்களை முன்னால் நிற்கவைத்துக்கொண்டு அவர்கள் செய்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒருநாளும் அவர்கள் முகத்தைப் பார்த்ததில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன், வரவில்லை. அவன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் ஏழையும் திறந்துதான் பார்த்திருப்பேன்.